முகூர்த்தம் இல்லாத நாளில் கைது

கல்யாண மண்டபத்து மேனேஜருக்கு இரண்டு காலண்டர் வேண்டும், ஒன்று முகூர்த்தம் பார்க்க, இன்னொன்று என்றைக்கு யார் ரோட்டில் உட்காரப் போகிறார்கள் என்று பார்க்க.

எங்கள் மண்டபம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் ரோட்டோரமாக இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போலீஸ் முதலாளியைக் கூப்பிட்டு விசாரிக்கும், முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். நீங்களும் என்றைக்காவது தண்ணீருக்கோ ரேஷன் அரிசிக்கோ நாலு பேரோடு ரோட்டில் நின்று கத்தியிருந்தால் என்னைப் போல ஒரு ஆளைப் பார்த்திருப்பீர்கள். அனுமதி இல்லாமல் கூடினீர்கள் என்று காலையில் பிடிப்பார்கள். எங்கள் ஸ்டேஷனில் பறிமுதல் செய்த மணல் வண்டிகளை நிறுத்தவே இடம் போதாது. பிடித்த ஆட்களை எங்கே வைப்பது? மண்டபத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். மத்தியானம் ஒரு பொட்டலம் சோறு, சாயங்காலம் விடுதலை. விடுதலை ஆனவர்கள் கோஷம் போட்டுக்கொண்டே போய்விடுவார்கள். தண்ணீர் பாட்டில் பொறுக்குவதற்கு நான் மட்டும் உள்ளே இருப்பேன். ஆகவே நாமெல்லாம் ஒரே வழக்கில் சேர்ந்தவர்கள் என்ற உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

மணமக்கள் வாழ்க

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்சிக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். முந்தின நாள்தான் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. மேடை அலங்காரத்தைப் பிரிக்க ஆள் இன்னும் வரவில்லை. கட்சியின் ஒன்றியச் செயலாளர் உள்ளே நுழைந்ததும் மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தார். இருந்த நாற்காலிகளிலேயே பெரியது மாப்பிள்ளை நாற்காலி. நேராகப் போய் அதில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று மகளிரணி அம்மா ஒருவரை அதில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேரும் முஷ்டியை உயர்த்தினார்கள். தலைக்கு மேலே தெர்மாக்கோலில் ‘மணமக்கள் வாழ்க’. ‘அடக்குமுறைக்கு அஞ்சோம்’ என்று தலைப்புக் கொடுத்து யாரோ ஒரு தொண்டன் அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்.

சோற்றுப் பொட்டலம் வருவதற்குள் மண்டபத்து நம்பருக்கு போன் வந்தது. பேசியது செயலாளர் வீட்டம்மா. குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா, சாயங்காலம் விட்ருவாக” என்று ஆறுதல் சொன்னேன்.

அந்தம்மா நிதானமாகச் சொன்னார்: “அவசரமே இல்லண்ணே, அவுகள அங்கயே வச்சுக்கங்க, நாற்காலிதான் நல்லா வசதியா இருக்கே.”

ரோடும் இல்லை, கூரையும் இல்லை

எங்களுக்குக் கிழக்கே கண்மாய் தாண்டி ஒரு பட்டி இருக்கிறது. காலையில் அங்கே ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. பெண்கள் அருப்புக்கோட்டைக்குத் தறி வேலைக்குப் போவதும், பிள்ளைகள் காலேஜுக்குப் போவதும் அதில்தான். ஒரு நாள் பஸ் நின்றுவிட்டது. கேட்டால் நஷ்டம் என்றார்கள். மனுக் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸை நம்பித் தறிக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சியம்மா என்கிற பெண், ரோட்டில் உட்கார அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனார். பொது இடத்தில் கூடுவதற்குத் தடை உத்தரவு இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார். ரோட்டில்தானே கூடாது, மண்டபத்துக்குள் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம், ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்றார்.

அப்போது ஏட்டு பாண்டியராஜன் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் மண்டபத்துக்கு வரும் கைதிகளுக்கெல்லாம் அவர்தான் காவல். ரிட்டயர்மெண்டுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி, அதனால் யாரையும் அதட்டுவதில்லை. “மண்டபத்துலயும் ஸ்டேஷன் லெட்டர் இல்லாம பொதுக்கூட்டம் போடக் கூடாது தாயி” என்றார். “அந்தத் தடை உத்தரவு என்னைக்கு முடியுது ஏட்டையா?” என்று பேச்சியம்மா கேட்டார். “பதினஞ்சு நாள்ல முடிஞ்சிரும்.” “அப்ப முடிஞ்சதும் உக்காந்துக்கிறோம்.” “முடிஞ்சதும் அடுத்தது போட்ருவோம் தாயி.” நான் இந்த ஊரில் இருக்கிற காலம் முழுக்க அந்த உத்தரவு இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ரோட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்று பேச்சியம்மா கேட்டார். கைது செய்வோம் என்றார் ஏட்டு. கைது செய்து எங்கே வைப்பீர்கள் என்றார். ஏட்டு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பேச்சியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்: “அப்ப சரிண்ணே, வர்ற புதன்கிழமை கைதாகி வாரோம், மண்டபத்தக் கூட்டி வைங்க.”

வந்தது பஸ்

சொன்னபடி புதன்கிழமை பட்டி மொத்தமும், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் உட்கார்ந்தது. போலீஸும் வந்து, கலைந்து போங்கள் என்று முறைப்படி சொன்னது, அவர்களும் முறைப்படி கலையவில்லை. கைது என்று அறிவித்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஸ்டேஷன் வேனில் பத்துப் பேரைத் திணிக்கலாம். ரோட்டில் ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் போனில் யார் யாரிடமோ பேசினார். கொஞ்ச நேரத்தில் காலி டவுன் பஸ் ஒன்று ஆடி ஆடி வந்து நின்றது. அரசாங்க பஸ்தான். கைதானவர்களை ஏற்ற அனுப்பியிருக்கிறார்கள்.

நான் மண்டபத்து வாசலில் நின்று பார்த்தேன். கைதானவர்கள் மாதிரியா இறங்கினார்கள், திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி இறங்கினார்கள். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டு வம்பு பண்ணியிருக்கிறாள். கண்டக்டர் பாவம், கைதிக்கு எந்த ஸ்டேஜுக்கு டிக்கெட் கிழிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக இறங்கிய பேச்சியம்மா அவரிடம் சொன்னார்: “கைதானாத்தான் எங்க ஊருக்கு பஸ் வரும்னு முதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு மனு எழுதியிருக்க மாட்டோமே தம்பி.”

பேர் சொல்லும் நேரம்

உள்ளே அவர்கள் கேட்ட கூட்டம் நடந்தது. மைக் கூடாது என்று ஏட்டு சொல்லிவிட்டார். அதனால் ஒன்றும் குறையவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய பெண்கள், அவர்கள் குரல் மண்டபத்தைத் தாண்டி எதிர்த்த டீக்கடை வரைக்கும் போனது. வாசலில் நின்ற லேடி போலீஸ்களே சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வழக்கமாக ஏட்டு ஐந்தாறு பெரியவர்கள் பெயரை எழுதிக்கொண்டு, படிக்கிற பிள்ளைகள் பெயரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. உள்ளே வந்து, ஒரு பெயரும் விடாமல் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கு என்றால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கவர்மெண்ட் வேலைக்குப் போகும்போது விசாரணைக்கு வருவார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் வருவார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்து, “எம்பேரையே நாலு தடவ எழுதிக்கங்க ஏட்டையா, இனிஷியல மட்டும் மாத்திப் போட்டுக்கங்க” என்றாள். ஏட்டும் யோசிக்கிற மாதிரிதான் தெரிந்தது. அப்போது பேச்சியம்மாவின் மகள் கலைவாணி எழுந்து அவரிடம் போய்ப் பெயரைச் சொன்னாள். வாணி போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை. ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாவற்றுக்கும் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் பழகிக்கொண்டிருந்தாள். ஏட்டுக்கே அது தெரியும். குரலைத் தாழ்த்தி, “போய் உக்காரு பாப்பா, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

வாணி நகரவில்லை: “பஸ் இல்லாமத்தான சார் கோச்சிங் கிளாஸுக்குப் போக முடியாம கெடந்தேன், அதுக்குத்தான உக்காந்தேன், எழுதிக்கங்க.”

குழந்தை எங்கே

எஸ்.ஐ. அப்படிச் சொல்லியும், வாணியோடு சேர்த்துச் சிலர் பெயரோடு ஏட்டு நோட்டை மூடிவிட்டார். ஆனாலும் அந்த வழக்குக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வாயைத் திறந்து கூட்டம் போட ஆள் இல்லை. ஆனால் காதுகுத்துகள் அதிகமாகிவிட்டன. கல் குவாரி லாரிகள் ஊருக்குள் ஓடித் தூசியைக் கிளப்புகின்றன என்று ஒரு ஊர்க்காரர்களுக்கு வருத்தம். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து என்று சொல்லி மண்டபத்தைப் பிடித்தார்கள். நானும் வாழை மரம் கட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பெரியவர் மேடையில் நின்று டிப்பர் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் ஒரு ஊர் ஜனம். குழந்தையைத்தான் காணோம்.

வாழை மரத்தைப் பார்த்துவிட்டு ஏட்டு பாண்டியராஜனும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டார். “காது குத்துற பிள்ள எங்க?” என்றார். பின்பக்கமாக ஒருவர் ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலிருந்தோ ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டுப் பாவாடை, கையில் முறுக்கு, இரண்டு காதிலும் கம்மல். ஏட்டு அந்தக் கம்மலை ரொம்ப நேரம் பார்த்தார். “ஏற்கெனவே குத்தியிருக்கேய்யா.”

மேடையில் நின்ற பெரியவர் அசரவில்லை: “அது கம்மல் போடக் குத்துனது ஏட்டையா, இது மேல உள்ளவுகளுக்குக் காது கேக்கட்டும்னு குத்துறது.”

ஏட்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மேலே என்ன எழுதி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் முதலாளி போன் போட்டு, “இனிமே காதுகுத்துன்னு வந்தா முதல்ல பிள்ளையக் கண்ணால பாத்துட்டுச் சாவியக் குடு” என்றார்.

நல்ல பொண்ணு

பஸ் திரும்பி வந்தது, அதைச் சொல்ல வேண்டும். பட்டி கைதாகி இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், யாரும் கூப்பிடாமலே வந்து பட்டியில் நின்றது. பேச்சியம்மா முன் கண்ணாடிக்குச் சந்தனம் தடவினார் என்று சொன்னார்கள். அதே சமயத்தில் வாணிக்குப் பரீட்சை முடிவும் வந்தது. பாஸ். ஓட்டத்திலும் பாஸ். கடைசியாக ஒன்றே ஒன்றுதான் பாக்கி, நன்னடத்தை விசாரணை. அதற்கு எங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் ஏட்டு பாண்டியராஜன்தான். பட்டிக்குப் போய் வீட்டில் உட்கார்ந்து விசாரிக்க அவருக்குக் கூச்சம். பேச்சியம்மாவையும் வாணியையும் மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டார். முகூர்த்தம் இல்லாத நாள். அவ்வளவு பெரிய ஹாலில் நாங்கள் நாலு பேர்தான்.

ஏட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரில் விசாரித்ததில் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை, அதையெல்லாம் எழுதியிருக்கிறேன், ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்ற இடத்தில் இருக்கிறது என்றுதான் எழுத வேண்டும் என்றார். யாரையாவது பார்த்தால் நடக்குமா என்று பேச்சியம்மா கேட்டார். சட்டவிரோதமாகக் கூடினார், உத்தரவை மீறினார் என்று ரிக்கார்டில் இருக்கிறது, வழக்கு முடிகிற வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்றார் ஏட்டு. அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ஃபேனைப் போட்டேன், அது எனக்குத் தெரிந்த உதவி. பேச்சியம்மா அழவில்லை. கூட்டத்துக்கு மகளைக் கூட்டிப்போனது தான்தான் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வாணி அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்த வருடத்து வேலை போய்விட்டது. வழக்கு அருப்புக்கோட்டையில் வாய்தா வாய்தாவாக நடக்கிறது. திரும்பி வந்த பஸ்ஸில் ஏறித்தான் அவள் கோர்ட்டுக்குப் போய்வருகிறாள்.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்று ஏட்டிடம் கேட்டாள்: “தப்பான பொண்ணுன்னு எழுதுனதும் இந்தக் கைதான், நல்ல பொண்ணுன்னு எழுதியிருக்கதும் இந்தக் கைதான், அவுக எத நம்புவாக சார்?”

ரெண்டாவது டிகிரி

போன சித்திரையில் அந்தக் குவாரி டிப்பர் ஒன்று, தறி வேலை முடித்து நடந்து வந்த பட்டிப் பெண் ஒருத்தியை இடித்துத் தள்ளியது. காலில் எலும்பு முறிந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மறுநாள் காலையில் ஏட்டு எனக்கு போன் பண்ணி மண்டபத்தைத் திறந்து வைக்கச் சொன்னார். திறந்து வைத்தேன், வெகுநேரம் ஆகியும் யாரும் வரவில்லை. மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு விலக்குக்குப் போனேன். ஊரே வந்திருந்தது. ஆனால் ஒருவர் கால்கூடத் தார் ரோட்டில் படவில்லை. எல்லாரும் புளியமரத்து நிழலில் நின்றார்கள். ஒருத்தருக்கு மகன் சிங்கப்பூர் போகிறான், பாஸ்போர்ட் வர வேண்டும். இன்னொருத்தருக்கு மகள் டீச்சர் வேலைக்கு எழுதியிருக்கிறாள். டிப்பர்கள் பாட்டுக்கு அவர்கள் முகத்தில் தூசியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானும் வண்டியை நிழலில்தான் நிறுத்தினேன்.

பஸ்ஸிலிருந்து வாணி இறங்கினாள். தன் வழக்கைப் பார்க்கிற வக்கீலிடமே இப்போது டைப் அடிக்கிற வேலையில் இருக்கிறாள். கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடு ரோட்டில் போய் உட்கார்ந்தாள். பேச்சியம்மா பின்னாலேயே ஓடினார், இன்னும் சிலரும் அசைந்தார்கள். “கேஸ் இல்லாதவுகல்லாம் மரத்தடியிலயே இருங்க” என்று வாணி சத்தம் போட்டாள். அம்மா மேல் ஏற்கெனவே வழக்கு இருந்ததால் அவரை மட்டும் பக்கத்தில் உட்கார விட்டாள். முதல் டிப்பர் நின்றது, அதன் பின்னால் மற்றவை வரிசையாக நின்றன. ஏட்டு வந்து இரண்டு பேரையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். சட்டவிரோதக் கூட்டம் என்று எழுத ஐந்து பேராவது வேண்டுமாம். அதைக் கேட்டதும் பழைய வழக்குக்காரிகள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள், அதற்கு மேல் ஒருத்தியை வாணி விடவில்லை. எஸ்.ஐ. வந்து, கூட்டம் இல்லாவிட்டால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எழுதுங்கள் என்று முடித்து வைத்தார். அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறி, தாலுகா ஆபீஸ் ஜீப்பும் வந்துவிட்டது. தறிக்குப் போகிற நேரத்திலும் வருகிற நேரத்திலும் டிப்பர் ஊருக்குள் வராது என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கு வரை வருவதில்லை.

நாலு பேருக்காக நான் அன்றைக்கு மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தேன். சாப்பாட்டுப் பொட்டலம் நிறைய மிஞ்சியது, மரத்தடி ஜனம் சாயங்காலம் வந்து வாசலில் நின்றே சாப்பிட்டது. இன்னொரு வழக்கு விழுந்துவிட்டதே, போலீஸ் வேலை இனிமேல் கனவுதானே தாயி, இப்படி முன்னால் போய் உட்கார உனக்குப் பயமாக இல்லையா என்று வாணியிடம் கேட்டேன்.

தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள்: “எங்க ஊர்ல இப்ப ரோட்டுல பேசணும்னா கேஸுதான் மாமா படிப்பு, நான் ரெண்டாவது டிகிரி முடிச்சிருக்கேன்.”

பேச்சுரிமைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை, உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம்தான் போலீஸ்காரர் பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.